அங்கேயே நில்

கடல் ஏறி இறங்கும் நேரங்களை அச்சிட்ட ஒரு சிறு புத்தகத்தை, காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்தபடி அவர் நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. போன கோடை, அயர்லாந்தின் மேற்குக் கரை. அவர் என் தோழியின் கணவர், அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்களுக்கு அடுத்த தெரு. எல்லோருக்கும் அவர் அண்ணாதான். எந்தப் பயணமானாலும் நேரம் குறிப்பது அவர் பொறுப்பு. "இது கிரீன்விச் டைம்மா. சம்மர்னால ஒரு மணி நேரம் ஆட் பண்ணணும். நாலு மணி வரைக்கும் கவலையே இல்ல" என்றார். தினமும் பெங்களூரோடு மீட்டிங் வைக்கிறவர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? அந்த ஒரு மணி நேரத்தைச் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடல் வற்றும்போது மட்டும் மணல்மேல் நடந்து போகக்கூடிய குட்டித் தீவு அது. இடிந்த கல்சுவர்கள், எங்களைச் சட்டை செய்யாத செம்மறியாடுகள். எலுமிச்சை சாதம் சாப்பிட்டு என் கணவர் புல்லில் சாய்ந்து தூங்கிவிட்டார். "இந்தத் தூக்கத்துக்கா இவ்வளவு தூரம் ஃப்ளைட் புடிச்சு வந்தாரு உங்க வீட்டுக்காரர்?" என்று தோழி சிரித்தாள். நான்கூட இரண்டு மணி நேரம் எதற்கும் பயப்படாமல் இருந்தேன். எனக்கு அது அபூர்வம்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். மற்றவர்கள் பைகளோடு மேட்டிலிருந்த காருக்குப் போய்விட்டார்கள். என் பதினைந்து வயது மகள் படம் எடுத்துக்கொண்டு பின்தங்கியிருந்தாள். நான் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் அளவுதான். ஓடியிருந்தால் இருபது எட்டில் வந்திருப்பாள். நான் கத்தினேன்: "அங்கயே நில்லு! அசையாத!" நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளிடம் நான் அதிகம் சொன்ன சொல் அது. அவள் நின்றாள். எனக்கு நீச்சல் தெரியாது. மேட்டைப் பார்த்து எல்லோர் பெயரையும் சொல்லி அலறினேன். தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது, பிறகு தொடைக்கு. அண்ணா ஓடிவந்து செருப்போடு இறங்கினார். "என்னப் பாரு கண்ணா, தண்ணியப் பாக்காத" என்று சொல்லிச் சொல்லியே அவளை இழுத்து வந்தார்.

காரில் அவர் நனைந்த உடையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். "ஒரு டைம் ஒழுங்கா பாக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று என் கணவர் கத்தினார். "தப்பு என்னோடதுதான்" என்றார் அண்ணா. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மகளை நிற்கச் சொன்னது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

ஊர் திரும்பிய பிறகு அவர் எந்த விருந்துக்கும் வரவில்லை. வாட்ஸப் குழுவில் யாரோ, "பீச்சுக்குப் போறோம், டைம் மட்டும் அண்ணாகிட்ட கேக்காதீங்க" என்று எழுதினார்கள். அன்றே அவர் குழுவிலிருந்து விலகினார். தோழியும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவர் நேரத்தைத் தப்பாகப் பார்த்தது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நான் பத்து மாதம் ஒளிந்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் கார் ஓட்டிப் பழக, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மௌரி அவென்யூவில், எதிரே வரும் வண்டிகளின் பாதையைக் கடந்து இடப்பக்கம் திரும்பும்போது எதிரே ஒரு வண்டி வேகமாக வந்தது. "நில்லு!" என்று அலறினேன். அவள் நிற்கவில்லை. திருப்பத்தை முடித்து, மளிகைக் கடை வாசலில் நிறுத்தினாள்.

"நடுவுல ஸ்டாப் பண்ணியிருந்தா இடிச்சிருப்பான்மா" என்றாள். என் பக்கம் திரும்பி, "அயர்லாந்துல நீ நில்லுன்னு சொன்ன. ஐ ஸ்டாப்ட். அங்கிள்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?"

"அங்கிள் வீட்டுக்குப் போ" என்றேன்.

"நவ்?"

"இப்பவே."

வழியெல்லாம் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. வாயை மட்டும் திறக்கவில்லை. அண்ணாவே கதவைத் திறந்தார். "வாங்கம்மா" என்று சொல்லி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "அண்ணா, அன்னிக்கு அவள அங்கயே நிக்கச் சொன்னது நான்."