சாந்தோம் கரையில் நான் கேட்ட விசில்

நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொன்னேன். என் குற்றம் இதுதான்.

இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் என்னையே பல வருஷம் கேட்டுப் பார்த்தேன். இவ்வளவுதான் என்று மனசு ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

என் உத்தியோகமே கேட்பதுதான். அரசாங்கத்தில் வயர்லெஸ் இன்ஸ்பெக்டர். எழுபதுகளில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள், அவரவர் எல்லைக்குள் பேசுகிறார்களா என்று ஒட்டுக்கேட்பதற்கு எனக்குச் சம்பளம். மயிலாப்பூரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "ஓய், உமக்குச் சுவரே தேவையில்லையே!" என்று கேலி வேறு.

அப்போது இரண்டு மீன்பிடி கம்பெனிகள் விசைப்படகுகளில் ரேடியோ வைத்துக்கொண்டன. ஒன்றுக்குச் சாந்தோமில் கரை நிலையம், மற்றதற்கு அடையாற்றில். எங்கே மீன் கூட்டம் இருக்கிறது, எப்போது கரைக்குத் திரும்புவது என்று படகோடு பேசவேண்டும். காலியாக இருந்ததோ ஒரே ஒரு அலைவரிசை. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் இருவருக்கும் விசில் சத்தம்தான் மிஞ்சும். ஆகவே நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு மணி நேரத்திலும் முதல் பாதி சாந்தோமுக்கு, பின் பாதி அடையாற்றுக்கு.

ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும் மூன்று நிமிடம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. அந்த மூன்று நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைக்கவேண்டும். நடுக்கடலில் எங்கேனும் ஒரு படகு தத்தளித்துக்கொண்டிருந்தால், அதன் ஈனக்குரல் அப்போதாவது கேட்கட்டும் என்று. கடலில் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அது கோயில் நடை சாத்திய நேரம் மாதிரி. பரம எதிரிகூட மீறமாட்டான்.

சாந்தோம் நிலையத்தில் பேசியவள் ஸ்டெல்லா. பரீட்சை எழுதி, சர்ட்டிபிகேட் வாங்கி, ஆண்பிள்ளைகள் நடுவே அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண். அடையாற்றில் பேசியவன் பாச்சு, பாஸ்கரன்... என் மனைவி கமலாவின் ஒரே தம்பி. தகப்பன் இல்லாத பிள்ளை. ரேடியோவை நான்தான் கற்றுக்கொடுத்தேன், வேலைக்கும் நான்தான் சொல்லிவைத்தேன். அவன் என் மைத்துனன் என்பது ஆபீசில் எவருக்கும் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

புகார் வந்தது. தன் நேரத்தில் யாரோ மைக் பட்டனை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், விசிலில் தன் குரல் படகுக்குப் போய்ச் சேரவில்லை என்றாள் ஸ்டெல்லா. அவள்தான் எங்கள் நேரத்தில் புகுந்து பேசுகிறாள் என்றது அடையாறு. போய்க் கேட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

மந்தைவெளியில் ஒரு மாடியறையில் ரிசீவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா பேச ஆரம்பித்தாள். உடனே, டக் டக் என்று இரண்டு தட்டு... பிறகு நீளமாய் விசில்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ரேடியோக்காரர்களுக்கு இது புரியும். பட்டனை அமுக்குவதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. கையெழுத்து மாதிரி அதை மறைக்கமுடியாது. இரண்டு தரம் தட்டிவிட்டு மூன்றாம் தரம் அமுக்குகிறவன் இந்தப் பட்டணத்தில் ஒரே ஒருவன்தான். "ஏண்டா கதவைத் தட்டற மாதிரி தட்டறே?" என்று நானே எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன்.

அப்புறம் ஸ்டெல்லாவையும் கேட்டேன். விசிலோடு மல்லாடி, சொல்ல வந்ததைப் பாதிதான் சொல்லியிருப்பாள். நேரம் முடிந்துவிடும். சட்டென்று நிறுத்திக்கொள்வாள். அந்த மூன்று நிமிட மௌனம் முழுக்க மூச்சுக்கூட விடமாட்டாள். அது கழிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, அடையாற்றின் நேரத்தில் அவசர அவசரமாய் முடிப்பாள். தப்புதான், சட்டப்படி தப்பு. ஆனால் அவளை அந்தத் தப்புக்குத் தள்ளியது யார்?

பாச்சுவை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். கமலா சமையலறையில் இருந்தாள்.

"எல்லாரும் பண்றதுதானே அத்திம்பேர்! கம்பெனியில அமுக்குன்னா, அமுக்கினேன். அந்த மூணு நிமிஷத்தைத் தொட்டேனா, கேளுங்கோ. அம்மா சத்தியமா இல்லை."

"மாட்டிண்டா உன் சர்ட்டிபிகேட் போயிடும்டா."

"போனா கல்யாணமும் நின்னுடும். நீங்க கேட்டாத்தானே மாட்டிப்பேன்?"

கமலா காபியோடு வந்தாள். "என்ன, மாமனும் மச்சானும் குசுகுசுன்னு பேசிண்டிருக்கேள்?" என்றாள். கல்யாணத்துக்கு நாயனம் யாரை வைப்பது என்று பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன்.

மனைவிக்காகச் செய்தேன், தகப்பனில்லாத பிள்ளைக்காகச் செய்தேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். பயந்தேன் என்பதுதான் நிஜம். விஷயம் வெளியே வந்தால், உறவை மறைத்ததற்கு என் வேலையும் போகும். எனக்கு அப்போதே அலுப்பாக இருந்தது... எப்படியாவது இது முடிந்தால் போதும் என்ற அலுப்பு.

சாந்தோம் நேரம் மீறியது என்று ஆபீசில் சொன்னேன். உண்மை. வேறு இடையூறு எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னேன். அவள் சர்ட்டிபிகேட் ரத்தாயிற்று. ரேடியோவுக்குச் சீல் வைக்கவும் என்னையே அனுப்பினார்கள்.

அரக்கை உருக்கிக்கொண்டிருந்தேன். படகோட்டி மரியான் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா சார், டப்பாவை மூடிட்டா நாங்க கரையோட இன்னான்னு பேசிக்கினு இருக்கிறது? கையைத் தட்டியா?"

ஸ்டெல்லா அவனை அடக்கினாள். என் அருகே வந்தாள். அவள் கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சார், நான் நேரம் தாண்டிப் பேசினது நிஜம். ஒத்துக்கிறேன். ஆனா என் நேரத்துல அந்த விசில்... உங்க காதுல விழலையா சார்? ஒரு தரம்கூடவா?"

"கேட்கலைம்மா."

என் காதை நம்பித்தான் அரசாங்கம் சோறு போட்டது. அவளும் அதைத்தான் நம்பினாள். "அப்ப என் செட்டுலதான் ஏதோ கோளாறு போல," என்று முனகினாள். தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு! அரக்கு என் விரலில் சொட்டியது. வலித்தது. உதறிக்கொள்ளவில்லை.

படகுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரையின் குரலில்லாமலே போய்வந்தன; பிறகு கம்பெனியே கைமாறிற்று. பாச்சுவின் கல்யாணம் நன்றாக நடந்தது, நாயனம் அமர்க்களம். அவன் ரேடியோவை விட்டுப் பாங்கில் சேர்ந்தான்.

சில வருஷம் கழித்து, பாச்சுவின் மனைவிக்குச் சீமந்தப் புடவை எடுக்கத் தியாகராய நகருக்குப் போனோம். கடையில் புடவைகளைப் பிரித்துக் காட்டியவள்... ஸ்டெல்லா. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

தலையாட்டினேன். எதிரில் கமலா அரக்குக் கலரா, மயில் கழுத்தா என்று குழம்பிக்கொண்டிருந்தாள். பாச்சு வாசல் பக்கம் நின்றிருந்தான். அவனும் ஸ்டெல்லாவும் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அதனால் ஆபத்தில்லை என்று நினைத்தேன். என்ன முட்டாள்தனம்! நான் அல்லவா காதுத் தொழில் செய்கிறவன்?

"அத்திம்பேர், நாழியாச்சு, சீக்கிரம் வாங்கோ!" என்று பாச்சு குரல் கொடுத்தான்.

ஸ்டெல்லாவின் கை புடவை மடிப்பில் அப்படியே நின்றது. தினம் தினம் ஹெட்போனில், தன் நேரம் முடிந்ததும் அடுத்துக் கேட்ட குரல் அது. மெல்ல நிமிர்ந்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அக்காள் புருஷனை அழைக்கும் 'அத்திம்பேர்' என்ற அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

கடைக் கடிகாரம் மணி அடித்தது.

கமலா விலை கேட்டாள், பதில் இல்லை. "ஏம்மா, உன்னைத்தானே?" என்றாள் கமலா. ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிற்று... வாயை மூடிக்கொண்டு எனக்காகக் காதைத் திறந்து வைத்திருந்தாள்! நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தாள். கேட்டேன் அம்மா, நான் கேட்டேன்... அது என் தொண்டைவரை வந்தது.

நான் மயில் கழுத்தே இருக்கட்டும் என்றேன்.

மூன்று நிமிடம் கழிந்தது. அவள் புடவையை மடித்துக் கமலாவிடம் கொடுத்தாள். "பில் அந்தப் பக்கம் போடுவாங்கம்மா," என்றாள். பிரித்துப்போட்ட மற்றப் புடவைகளை மடிக்கத் திரும்பிவிட்டாள்.

கடையில் நடந்தது எதுவும் பாச்சுவுக்குத் தெரியாது. கமலா போய்ச்சேர்ந்துவிட்டாள். இன்று செயற்கைக்கோள் கம்பெனிகள் அலைவரிசைக்கு அடித்துக்கொள்வதாகப் பேப்பரில் படிக்கிறேன். யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

எனக்கு ஒரு காது முழுக்கப் போய்விட்டது. மற்றதும் மந்தம்தான். ஆனாலும் சுவர்க்கடிகாரம் மணி அடித்தால் மூன்று நிமிடம் பேச்சை நிறுத்திவிடுகிறேன். அப்பா ஜபம் பண்ணுகிறார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஸ்டெல்லா இன்னும் எதிரில் நிற்கிறாள்... நான் இன்னும் சொல்லவில்லை.