பாட்டில் ஏற்றாத குழந்தை

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருந்தேன். எந்த நோய்க்கு என்ன வைத்தியம் என்று டைப் அடித்த தாளொன்றைப் பெரிய டாக்டர் ஒருநாள் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். வயிற்றுப்போக்கா, குழந்தை வாயால் குடிக்கிற நிலையில் இருந்தால் உப்பு சர்க்கரைத் தண்ணீர். குடிக்க முடியாமல் துவண்டுபோனால்தான் நரம்பில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்ற வேண்டும்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பாட்டிலை மாட்டிவிட்டால் அடுத்த கட்டிலைப் பார்க்கலாம். இதற்கோ ஸ்பூனும் டம்ளருமாக மணிக்கணக்கில் உட்கார வேண்டும். ஸ்டோருக்கு வரும் பாட்டில் பெட்டிகள் பாதியாகக் குறைந்தன. செலவு குறைந்ததென்று ஆபீஸில் டாக்டரைப் பாராட்டினார்களாம். நம் இடுப்பை ஒடித்து மிச்சம் பிடிக்கிறார்கள் என்று டீ குடிக்கும்போதெல்லாம் புலம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான், நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடிந்த ஒருவர் மண் அப்பிய காக்கியோடு, ஒன்றரை வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே மனைவி. காலையிலிருந்து எட்டு முறை போயிருந்ததாம். குழந்தைக்குக் கண் குழிந்திருந்தது. ஆனால் ஸ்பூனை உதட்டில் வைத்ததும் சப்பினாள். டாக்டர் பார்த்துவிட்டு, தாளில் உள்ளபடியே செய்யச் சொன்னார்.

“பாட்டில் ஏத்துங்க சிஸ்டர்” என்றார் அப்பா.

“வாயாலயே குடிக்கிறாளே. பாட்டில் வேணாங்க.”

“நான் பர்மனன்ட்டுங்க! கான்ட்ராக்ட் ஆளுன்னு நெனச்சுகினீங்களா? மைன்ஸுக்கு நெலத்தக் குடுத்து வாங்குன வேலைங்க இது. எம் புள்ள கிட்டத்தான் மிச்சம் புடிக்கணுமா?”

நான் புலம்பியதையே அவரும் கேட்டார். சுருக்கென்றது. குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். முதல் இரண்டு ஸ்பூனையும் கக்கினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சற்றுப் பொறுத்து, நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக மறுபடி கொடுத்தேன். மூன்று டம்ளர் இறங்குவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. ஒருவழியாகச் சிறுநீர் போய் என் வெள்ளைச் சேலையை நனைத்தாள். “அப்பாடா, பொழச்சுக்குவா” என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. “இதுல என்னங்க கலந்தீங்க?” என்றாள்.

“காய்ச்சி ஆறவச்ச தண்ணி, உப்பு, சர்க்கரை. அவ்ளோதான்.”

அப்பா டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

“இவளுக்கு முன்ன ஒரு பையன் இருந்தான் சிஸ்டர். வேல கெடைக்கறதுக்கு முந்தி, கம்மாபுரம் பக்கத்துல இருந்தப்போ. இதே வயித்துப்போக்குலதான் செத்துப்போனான். அங்க ஆஸ்பத்திரில பாட்டில் ஏத்தணும், பணம் கொண்டான்னாங்க. ரெண்டு நாளு கடன் கேட்டுகினு அலஞ்சேன்.”

“தண்ணி, தண்ணின்னு அழுதான் சிஸ்டர்” என்றாள் அவள். “குடுத்தா இன்னும் போவும்னு நாந்தான் குடுக்கல.” பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “உப்பு இருந்துதுங்க எங்க வூட்ல. சக்கரையும் கொஞ்சம் இருந்துது.”

அடுத்த ஸ்பூனுக்கு நேரமாகியிருந்தது. ஸ்பூனை அவள் கையில் கொடுத்தேன்.