மூன்று சீட்டிலும் குராசோ

பேய், பிசாசு, சாமி என்று யாராவது என்னிடம் கதை தொடங்கினால் எனக்குப் பயம் வராது, கோபம்தான் வரும். ஒஸ்லோவில் இருபது வருடத்துக்கு மேலாக லிஃப்ட் பரிசோதிக்கிறவன் நான், கயிற்றைக் கண்ணால் பார்க்காமல் ஒரு தாளிலும் கையெழுத்து வைத்ததில்லை. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு விளங்கும். ஆனால் பொய் என்று மட்டும் என் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள், ஏனென்றால் இதை நினைத்தாலே எனக்கு இன்னும் உடம்பெல்லாம் எரிகிறது.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். அத்தனை வருடத்திலும் விடுமுறை என்றால் பாரிஸில் என் அக்கா வீடு, லண்டனில் என் மனைவியின் தம்பி வீடு, இல்லாவிட்டால் டொரோண்டோவில் யாருடைய மகளாவது பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. எங்கே போனாலும் வதனி, அவள்தான் என் மனைவி, அங்கேயும் வெங்காயம்தான் வெட்டுவாள். இந்த முறை அவள் சொல்லிவிட்டாள், கரிபியன் பக்கம் அமைதியான, பயமில்லாத ஒரு தீவு, நாங்கள் இரண்டு பேர் மட்டும், சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத கடற்கரை. நான் சரி என்றேன். சரி என்றதோடு நிற்காமல் மூன்று மாதம் இருந்து ஆராய்ந்தேன். புயல் வராத தீவு எது, ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், தண்ணீர் குடிக்கலாமா, எல்லாம் பார்த்துத்தான் குராசோ என்று முடிவெடுத்தேன். ஆம்ஸ்டர்டாமில் ஏறினால் நேரே அங்கேயே இறங்கலாம்.

வதனி மரி கலாந்த் என்ற சின்னத் தீவைப் பிடித்துக்கொண்டாள். பிரெஞ்சுக்காரர் தீவு, கரும்புத் தோட்டம், மாட்டுவண்டி, வெள்ளை மணல், சத்தம் சந்தடி இல்லை. எல்லாம் நல்லதுதான், ஆனால் குவாதலூப்பில் இறங்கி அங்கிருந்து ஒரு மணித்தியாலம் கப்பலில் போக வேண்டும்.

கப்பல் என்றதும் நான் கத்தத் தொடங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி சின்னது, அலை பெரிது, இணைப்பு தவறினால் என்ன செய்வது என்று என்னென்னவோ சொன்னேன். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. பதினெட்டு வயதில், சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இரவில் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்தவன் நான். எங்களுக்கு முன்னால் போன வள்ளம் கரைக்கு வரவில்லை. அன்றிலிருந்து நான் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை, அதை அவளிடம் சொன்னதுமில்லை. பயம் என்று சொல்ல வெட்கம், கத்துவதற்கு வெட்கமில்லை, அப்படிப்பட்ட மனிதன் நான்.

"இருவத்தஞ்சு வருசமா வீடும் காரும் நீங்கள் சொன்னதுதான். இதையெண்டாலும் என்னட்டை விடக்கூடாதே?" என்றாள். பிறகு அவளே, "சரி, சாமிக்கு முன்னாலை சீட்டுப் போட்டுப் பாப்பம். வாறது வரட்டும்" என்றாள். குராசோ ஒன்று, மரி கலாந்த் ஒன்று, இரண்டு பேருக்கும் பொதுவாக பார்படோஸ் ஒன்று.

எழுதும் வேலை என்னுடையது. ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணிதான், ஆனாலும் ஒஸ்லோ அம்மருட்டில் எங்கள் மாடிவீட்டுக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. எல்லாரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்க வாருங்கள் என்று கட்டட நிர்வாகம் அனுப்பிய அறிவித்தல் ஒன்று மேசையில் கிடந்தது. அதை மூன்றாகக் கிழித்து, பின்பக்கத்தில் மூன்றிலும் குராசோ என்று எழுதினேன்.

ஓம், ஏமாற்றினேன். கடவுளே இல்லை என்பவன் கடவுளை ஏமாற்றினால் என்ன குற்றம் என்று நினைத்தேன். மூன்றையும் மடித்து, அடுப்புக்குப் பக்கத்துக் குசினி அலுமாரிக்கு மேலே இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் வதனி படத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன மின்விளக்கைப் போட்டுவிட்டு நின்றாள். கற்பூரம் கொளுத்தினால் கூரையிலுள்ள புகைக்கருவி கத்தும். "நீங்களே எடுங்கோ" என்றாள். நானும் பெரிய பக்திமான் மாதிரி கண்ணை மூடி, ஒன்றை எடுத்து, பிரிக்காமலே அவள் கையில் கொடுத்தேன். அவள் பிரித்தாள், பார்த்தாள், என்னிடம் நீட்டினாள்.

மரி கலாந்த் என்று எழுதியிருந்தது. என் நீலப் பேனா, என் கையெழுத்து, சாய்ந்து விழும் என்னுடைய அதே எழுத்து.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். "நீ மாத்திப் போட்டாய்! கள்ளி! சாமிக்கு முன்னாலையே கள்ளவேலை செய்யிறாய் என்ன?" என்று கத்தினேன். யார் கத்துவது பாருங்கள். அவள் மறுக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகிறாள் என்றால் குற்றம் செய்தவள்தான் என்று நானே தீர்ப்பும் எழுதினேன். மிச்ச இரண்டு சீட்டையும் பொறுக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிவிட்டுப் பிரித்தேன். குராசோ. குராசோ.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனதும் மூன்று துண்டையும் மேசையில் சேர்த்து வைத்தேன். கிழித்த ஓரம் பல்லுக்குப் பல் பொருந்தியது, முன்பக்கத்து அச்சு வரிகள் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் ஓடின. நாலாவது துண்டு என்று ஒன்று இல்லை. அவள் மாற்றவில்லை. அது தெரிந்த பிறகும் நான் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் என் களவைச் சொல்ல வேண்டுமே. மூன்று வாரம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரிந்தேன். பயண ரிக்கெட்டை மட்டும் மரி கலாந்துக்குப் போட்டேன், ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

பெப்ரவரியில் போனோம். கப்பல் துறைமுகத்தைத் தாண்டியதும் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. பட்டப்பகல், நல்ல வெயில், பக்கத்தில் ஒரு கிழவி ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள், நான் மட்டும் கதிரையின் கைப்பிடியை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தேன். வதனி என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் உடைந்தேன். கிளாலியைச் சொன்னேன், வராத வள்ளத்தைச் சொன்னேன், பிறகு சீட்டையும் சொன்னேன். "மூண்டிலையும் குராசோதான் எழுதினனான், வதனி."

"தெரியும்" என்றாள்.

"என்னெண்டு தெரியும்?"

"நீங்கள் குளிக்கேக்கை நான் பிரிச்சுப் பாத்தனான். மூண்டும் குராசோ. நீங்களாச் சொல்லுவியளோ எண்டு பாக்கத்தான் அப்பிடியே மடிச்சு வச்சனான்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அப்ப அண்டைக்கு ஏன் அழுதனி?"

"நீங்கள் கள்ளி எண்டு பேசினதுக்கில்லை. பயத்திலை."

எனக்கு மறுபடியும் கோபம் தலைக்கேறிவிட்டது. இவ்வளவும் தெரிந்துகொண்டு, மூன்று வாரம் கள்ளி என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டு ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் மாத்தினனான் எண்டு நினைச்சால், நீங்களாவது நிம்மதியா நித்திரை கொள்ளுவியள் எண்டு."

யாரோடு கோபப்படுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவளிடம் கோபப்பட எனக்கு முகமில்லை, அந்தச் சீட்டை எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது, எழுத்தோ என்னுடையது. போன கிழமை வதனி அடுத்த வருடத்துக்கு இரண்டு தீவின் பெயர் சொன்னாள். எது என்று நீயே சொல்லு என்றேன். கொஞ்சம் யோசிக்க வேண்டும், இரண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள் என்று பேனாவை நீட்டினாள். நான் வாங்கவில்லை.