தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையில் ஒரு சமாதானம்

தையலக்காவை அரசியலுக்கு இழுத்து வந்தது குண்டூசிதான். தலைவர் வீட்டம்மாவுக்கு அளவெடுக்கும்போதெல்லாம் அவள் வாயில் நாலு ஊசி இருக்கும். வாயில்லாப் பூச்சி என்று தலைவர் முடிவுகட்டிவிட்டார். உள்நாட்டுப் போரை நிறுத்தப் பேசும் அவையில் தரப்புக்கு ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்று விதி வந்ததும், "சும்மா உட்காந்திருந்தா போதும்மா" என்று இவளைக் கூட்டிப்போனார். இவளும் போனாள். ஒரே மகன் எதிர்த்தரப்பின் சிறையில் கிடந்தான். அவனை மீட்க எமன் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போயிருப்பாள்.

அவையில் ஆண்கள் வெட்டிமுறித்தார்கள். எந்தத் தரப்பு எந்த வாசல் வழியாக நுழைவது என்பதற்கே ஒரு மாதம் போனது. அந்தக் களைப்புக்கு மதியத் தூக்கம் வேறு.

பெண்களுக்கு இருந்தது ஒரே கழிப்பறை. அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்கவேண்டும். அந்த இன்னொருத்தி எதிர்த்தரப்பு டீச்சர். பகையாவது மண்ணாங்கட்டியாவது, அவசரத்துக்கு யார் பார்க்கிறார்கள்!

"டீச்சர், என் பையன் உங்க ஆளுங்ககிட்ட இருக்கான்" என்றாள் தையலக்கா ஒருநாள், உள்ளே இருந்தபடியே.

வெளியே கதவைப் பிடித்திருந்த டீச்சர் இடுக்கில் வாயை வைத்தாள்.

"என் பையன் உங்காளுங்ககிட்ட இருக்கான்க்கா."

அன்றைக்கே இருவரும் அவையில் எழுந்தார்கள். கைதிகளை விடாமல் வேறு எதையும் பேச விடமாட்டோம் என்றார்கள். தலைவர் பல்லைக் கடித்தார்.

"உட்காரும்மா!"

"உட்காந்து உட்காந்து மரத்துப்போச்சுய்யா."

செய்தி பரவி, கைதிகளின் தாய்மார்கள் இரண்டு வாசல்களையும் அடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போக வழியில்லாத ஆண்கள் ஒருவழியாக இறங்கிவந்து கைதிகளை விட ஒப்புக்கொண்டார்கள். பேப்பரில் இரண்டு தலைவர்களும் கைகுலுக்கிப் பல்லிளித்தார்கள்.

தையலக்காவின் மகன் பாதியாக இளைத்து வந்து சேர்ந்தான். டீச்சரின் மகன் வரவில்லை. அவன் செத்து ஒரு வருடமாகிறதாம். தெரிந்தும் வாயைத் திறக்காதவர் தையலக்காவின் தலைவர்தான்.

மறுநாள் போர்நிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு. ஒருவர் மறுத்தாலும் ஒப்பந்தம் இல்லை. டீச்சர் முறை வந்தபோது இரண்டு தலைவர்களும் குனிந்து காகிதத்தைப் புரட்டினார்கள்.

"சம்மதம்" என்றாள் டீச்சர். "உயிரோட இருக்கற பசங்களாவது வீட்டுக்குப் போகட்டும்."

கைதட்டினார்கள், வெட்கங்கெட்டவர்கள். தையலக்காவுக்குப் பெற்ற வயிறு எரிந்தது. எழுந்து நேராக எதிர்வரிசைக்குப் போய் டீச்சரைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, உங்க இடத்துக்குப் போங்க" என்றார் அவைத்தலைவர்.

"போறேன்யா. இவங்க அழுது முடிக்கட்டும்."