முனியப்பனுக்கு ஒரு பதவி உயர்வு

வேப்பனப்பள்ளியைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் மதுரைவீரன் என்று ஒருவர் இருக்கிறார். பெயர்தான் காவல் தெய்வத்தின் பெயர். ஆள் பரம சாது. தினமும் மொபெட்டில் குருபரப்பள்ளி வரை போய், அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போகிறவர். இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலை அது. அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தவர், மீசை நரைக்கிற காலத்தில் சீனியர் ஆபரேட்டர் ஆனார். அதோடு சரி. அடுத்த வருஷம் ஓய்வு.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. அந்த ஊரில் யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். படம், படத்துக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே பதவி. பால் சொசைட்டி கோபிக்குக் கல்யாணம் ஆனபோதே 'செயலாளர்' என்று சிவப்பு எழுத்தில் போட்டார்கள். தான் ஓய்வு பெறும்போது தன் பெயருக்குக் கீழே 'சூப்பர்வைசர்' என்று வரவேண்டும் என்பது மதுரைவீரனின் ஆசை. 'சீனியர் ஆபரேட்டர்' என்று வந்தால் கோபி அதைப் படித்துவிட்டுத் தோளைத் தட்டுவான். அந்தத் தட்டலை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

இதற்காக அவர் நம்பியிருந்தது முனியப்பனை. ஊருக்கு வெளியே, மாந்தோப்பு முடிகிற இடத்தில் வெட்டவெளியில் நிற்கிற கல் அது. அதற்கு விளக்கு வைப்பது பரம்பரையாக இவர் வீட்டுப் பொறுப்பு. ஒவ்வொரு வருஷமும் கம்பெனியில் மதிப்பீடு நடக்கும் மாதத்துக்கு முன்பே சேவல், சுருட்டு, பொரி எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். மதிப்பீட்டு முடிவும் வந்து சேரும்: 'மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்.' அதாவது, சொன்ன வேலையைச் செய்கிறார், அங்கேயே இருக்கட்டும்.

இந்தச் சமயத்தில்தான் சீனா குறுக்கே வந்தது.

கம்பெனியில் தகடு அழுத்துகிற புது பிரஸ் ஒன்றை நிறுவ லின் என்கிற சீனத்து டெக்னீஷியன் வந்திருந்தார். அவர் சீனத்தில் பேசினால் கைபேசி அதைத் தமிழில், செய்தி வாசிப்பவர் தோரணையில் சொல்லும். டீ நேரத்தில் இரண்டு பேரும் நடுவில் போனை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். லின்னின் ஊரில் ஒரு கோயில் உண்டாம். அந்தச் சாமி முதலில் சாதாரணமாகச் செத்துப்போன ஒரு மனுஷனாம். சோங் ராஜாக்கள் காலத்தில் மழை பெய்ய வைத்ததற்காக அவருக்குக் குறுநிலப் பிரபு பட்டம் கொடுத்தார்களாம். கடல் கொள்ளைக்காரர்களை விரட்டியதும் பட்டத்தில் இன்னும் இரண்டு எழுத்து கூடியதாம். அப்படியே மேலே போய் மேலே போய்க் கடைசியில் ராஜா ஆகிவிட்டாராம்.

மதுரைவீரன் டீயை ஆறவிட்டார். சாமிக்கே புரமோஷன் கொடுத்த நாடு ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறது.

லின் மெஷினை ஓடவிட்டு ஊருக்குப் போய்விட்டார். சீனா மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. பஸ்ஸில் ஏறியதும் மதுரைவீரன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யூடியூபில் சீன வரலாறு கேட்க ஆரம்பித்தார். கேட்டதையெல்லாம் பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்லாமல் அவரால் இறங்க முடியாது. டாங் ராஜா ஒருத்தன் புத்த மடங்களை மூடி, பிக்குகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பி வரி கட்ட வைத்தான் என்றார்; பஸ்ஸில் இருந்தவர்கள் அதை ஆட்குறைப்பு என்று சரியாகப் புரிந்துகொண்டார்கள். சீனத்து நரகத்திலும் மேசை போட்டு குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்றார். அங்கேயும் வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸா என்று பின் சீட்டில் ஒருவன் வருத்தப்பட்டான். கொஞ்ச நாளில் அவர் ஏறும்போதே 'சோங் வந்தாச்சு' என்று டிரைவர் சொல்லத் தொடங்கினார்.

அந்த வருஷம் மதிப்பீட்டு மாதம் நெருங்கியது. மதுரைவீரன் சேவல் வாங்கவில்லை. முனியப்பன் முன்னால் போய் நின்று, நிலைமையை விளக்கினார். இனிமேல் முன்பணம் கிடையாது. செய்த வேலைக்குத்தான் பட்டம், பட்டம் வந்த பிறகுதான் கெடா.

இதைக் கேட்ட அவர் மனைவி மாதேஸ்வரி, ரோஜாத் தோட்டத்து வேலை முடித்து வந்தவள், கையில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்:

"உனுக்கே ஒருத்தனும் புரமோசன் தரல. நீ போயி சாமிக்குத் தர்றியா?"

"நான் எங்க தர்றன்? மொதல்ல விசாரண. சோங் ராஜா காலத்துல பக்கத்து ஜில்லா ஆபீசர் வந்து விசாரிப்பாரு. அவரு சொன்னது நெசமான்னு பாக்க இன்னொருத்தரு வருவாரு."

"ரெண்டு ஆடிட்டா? பாவம் அந்தக் கல்லு."

பக்கத்து ஜில்லாவுக்கு என்ன செய்வது? பக்கத்து மாநிலமே இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த மாலூரிலிருந்து சம்பந்தி கிருஷ்ணப்பன் வந்தார். கன்னட மண்ணில் வளர்ந்தவர், உள்ளூர்ப் பாசம் கிடையாது, எதையும் சுலபத்தில் நம்பாதவர். விசாரணை அதிகாரிக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் இருந்தது. விருந்து சாப்பிட்டுவிட்டுக் கல்லின் எதிரே துண்டை விரித்து உட்கார்ந்தார்.

சாட்சி சொல்ல முதலில் வந்தவள் சரோஜம்மாள். காணாமல் போன தன் ஆட்டை முனியப்பன் திருப்பிக் கொடுத்தார் என்றாள். ஆடு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கிருஷ்ணப்பன் கேட்டார். வீட்டுப் பக்கமிருந்துதான் என்றாள். அப்படியானால் அது தொலையவே இல்லை என்று தள்ளுபடி செய்தார். போன வருஷ மழையைச் சொன்னார்கள். அது மாலூரிலும்தான் பெய்தது, அங்கே வேறு சாமி என்றார். மாமரம் காய்த்ததைச் சொன்னார்கள். உரம் போட்டது யார் என்று கேட்டார். முடிவில் எழுந்து துண்டை உதறி, சம்பந்தியைக் கன்னடத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"பீகரே, தப்பா நெனைக்க வேணா. கெட்டவரு இல்ல. நிக்கிறாரு. சொன்ன எடத்துல நிக்கிறாரு."

மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்.

அடுத்த வாரம் அவருடைய முறை. எச்.ஆர். அறையில் இருந்தவள் பிரியா, கோயம்புத்தூர்ப் பெண், மரியாதை தெரிந்தவள். இந்த வருஷம் தனியாக என்ன சாதித்தீர்கள் என்று கேட்டாள். நம்ம வேலையைப் பார்த்தேன் என்றார் இவர். வேறு ஏதாவது என்றாள். மெஷின் நின்றால் ஓட்டினேன் என்றார். அதை ஷிப்ட் இன்சார்ஜ் தன் பெயரில் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். பிரியாவுக்கே சங்கடமாகிவிட்டது.

"நீங்களே சொல்லாட்டி, உங்களுக்காக நாலு பேராச்சும் வந்து சொல்லோணுமுங்கண்ணா. நானா எதைப் பாத்துக் குடுக்கறதுங்க?"

அன்று மாலை பஸ்ஸில் அவர் காதில் ஒயர் மாட்டவில்லை. அதைப் பார்த்துப் பயந்துபோய், சீனாவில் ஏதாவது ஆயிற்றா என்று பக்கத்து சீட்டுக்காரன் கேட்டான். மதுரைவீரன் ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டார். ஒரு விஷயத்தை இத்தனை நாள் சரியாக யோசிக்கவில்லை என்றார். சோங் காலத்தில் எந்தச் சாமியும் தானாகப் போய்ப் பட்டம் கேட்டதில்லை. ஊர்க்காரர்கள்தான் ஒன்றுகூடி, இன்னின்ன செய்தார் என்று ராஜாவிடம் கேட்பார்கள். ஊர் வாய் திறக்காவிட்டால், எப்பேர்ப்பட்ட சாமியும் வெறும் கல்லாகத்தான் நிற்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, குருபரப்பள்ளி வந்ததும் இறங்கி மொபெட்டை உதைத்துக்கொண்டு போனார். அவர் முனியப்பனைப் பற்றித்தான் சொன்னார். பஸ் வேறு மாதிரி கேட்டது.

மறுநாள் டீ இடைவேளையில் பிரியாவின் அறை வாசலில் அவர் ஷிப்ட் முழுவதும் நின்றது. மெஷின் உறுமலை வைத்தே நோயைச் சொல்லுவார் என்றான் ஒருவன். டூல் உடைந்த நாளில் சாப்பிடாமல் நின்று சரிசெய்தார் என்றான் இன்னொருவன். பர்கூரிலிருந்து வருகிற சந்தோஷ் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தான். ஐந்து விரலும் இருந்தன. பிரஸ் இறங்கிய அன்று மதுரைவீரன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்காவிட்டால் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னான்.

பிரியா எண்ணினாள். இதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டாள். ஷிப்ட் தயாராக இருந்தது. பக்கத்து டிபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு ஆளை விட்டு விசாரிக்க வேண்டும், அவர் சொன்னது நிஜமா என்று பார்க்க இன்னொருவரை விட வேண்டும் என்றார்கள். இது எந்த ஐ.எஸ்.ஓ. முறை என்றாள். சோங் என்றார்கள். பெயின்ட் ஷாப்பிலிருந்து ஒருவர் வந்தார், டெஸ்பாட்சிலிருந்து ஒருவர் வந்தார், இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தது. சூப்பர்வைசர் பதவி எதுவும் காலியாக இல்லாத காரணத்தால், மதுரைவீரன் இன்று முதல் 'கௌரவ மூத்த சூப்பர்வைசர்' என்று அழைக்கப்படுவார். சம்பளம், சட்டை நிறம், லாக்கர் ஆகியவற்றில் மாற்றமில்லை.

வீட்டுக்கு வந்து அதை அவர் சொன்ன விதத்தில் அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. பட்டம் மட்டும் நீண்டிருக்கிறது என்றார். சோங் ராஜாவும் எழுத்துத்தான் கொடுத்தான், படையல் செலவு ஊர்க்காரனுடையது என்றார். மாதேஸ்வரி கேட்டுக்கொண்டே உலையில் அரிசி போட்டாள்.

"அந்தப் பையன் சட்டையப் புடிச்சி இழுத்தியே, அன்னிக்கு மெஷின் எறங்கப்போவுதுன்னு உனுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"தெரியல. என்னாவோ திரும்பிப் பாக்கணும்னு தோணுச்சு."

"தோண வெச்சது ஆரு? நானும் சாட்சிதான். எழுதிக்கோ."

முனியப்பனுக்காக இந்த ஊரில் ஒருத்தி வாய் திறந்துவிட்டாள். மதுரைவீரன் மாலூருக்குப் போன் போட்டார். கிருஷ்ணப்பன் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். மனைவி சாட்சி செல்லுமா என்று சந்தேகப்பட்டார். கெடா வெட்டப் போகிறோம் என்றதும் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஓய்வு வரைக்கும் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் ஏறியது. மேலே ஒரு வட்டத்துக்குள் 'கௌரவ மூத்த முனியப்பன் துணை.' கீழே மதுரைவீரன், கடன் வாங்கிய கோட்டில். பதவி மிகவும் நீளமாகிவிட்டதால் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மதுரைவீரன் என்ற பெயரைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. பால் கேனோடு வந்த கோபி, அங்கே நின்றிருந்த மதுரைவீரன் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் படித்தான். முதல் தரம் படித்ததில் அது சூப்பர்வைசருக்கு மேலா கீழா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மறுபடி படித்தான். தோளைத் தட்டத் தூக்கிய கையை அப்படியே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்துகொண்டான்.

தூரத்திலிருந்து பார்த்தால் பதவி மட்டும்தான் தெரிகிறது, ஆள் யார் என்றே தெரியவில்லை என்று மாதேஸ்வரி குறை சொல்கிறாள். அதனால் ஒன்றுமில்லை என்கிறார் மதுரைவீரன். ஆளைத்தான் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியுமே.