ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த சுயசிந்தனை

இங்கே ஸ்காட்லாந்தில் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால், "தெரியாது, மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருக்கிறது. முகம் சுருங்குவதில்லை, தலை குனிவதில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோல் சொல்கிறது. ஆறு வருடமாகக் கேட்டும் எனக்கு இன்னும் சுருக்கென்கிறது. காஞ்சிபுரத்தில் நான் பதினோரு வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்த தனியார் பள்ளியில், அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகளை வராந்தாவில் முட்டி போட வைத்திருக்கிறேன். அதைக் கண்டிப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

இங்கு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பலகையில் விடையை எழுதி, "அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். ஒரு பெண் பேனாவை மூடிவைத்துவிட்டு, "இது உங்கள் விடை. என்னுடையதை எப்போது எழுதுவது?" என்று கேட்டாள். திமிர் என்று முடிவுகட்டி, அவளைத் துணைத் தலைமையாசிரியரிடம் அழைத்துப் போனேன்.

"என்ன செய்தாள்?" என்றார் அவர்.

"கேள்வி கேட்டாள்."

அவர் தலையாட்டிவிட்டு, மீதியைச் சொல்வேன் என்று காத்திருந்தார். மீதி எதுவும் இல்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம்.

அதற்காக இந்த ஊரைத் தலையில் தூக்கிவைத்து ஆட நான் தயாரில்லை. இங்கே சுவருக்குச் சுவர் 'இண்டிபெண்டன்ட் லேர்னர்' என்று வண்ணத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். கல்வி அதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முந்தைய வாரம், 'நான் எப்படிச் சுயமாகக் கற்கிறேன்' என்று சொல்வதற்கு வகுப்பு வகுப்பாக ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் பிசகாமல் ஒப்பித்தார்கள். அதிகாரிகள் மகிழ்ந்துபோனார்கள். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

போன ஜூலையில், இங்கே கோடை விடுமுறை விட்டதும் காஞ்சிபுரம் போயிருந்தேன். பழைய பள்ளியின் தாளாளர் ஆள் அனுப்பினார். அவர் அறையில் புது ஏசி, பழைய மேசை.

"மேடம், ஃபாரின்ல செல்ஃப் லேர்னிங்னு இன்னாவோ பண்றாங்களாமே? இப்ப எல்லா பேரன்ட்ஸும் அதத்தான் கேக்கறாங்க. எப்டின்னு நாலு பக்கம் நோட்ஸா எழுதிக் குடுத்துடுங்க. ஜெராக்ஸ் எடுத்துப் பசங்ககிட்ட குடுத்து ஒப்பிக்க வெச்சிடறோம்."

அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நோட்ஸ் தர மாட்டேன், ஒன்பதாம் வகுப்பை இரண்டு வாரம் என்னிடம் விடுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் வகுப்பில் கேட்டேன்: "நம்ம ஊர்ல சில தெருவுல சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. ஏன்? ஒரு வாரத்துல கண்டுபிடிச்சு வாங்க. எப்படி வேணும்னாலும் கண்டுபிடிக்கலாம்."

நாற்பது பேரும் திகைத்துப் போனார்கள். "எந்தப் பேஜ் மிஸ்?" "எத்தனை மார்க்கு மிஸ்?" மூன்றாம் நாள் பாதிப் பேர் கைடைப் பார்த்து ஒரே பத்தியை எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுத்துப் பிழைகூட ஒரே இடத்தில்.

தமிழ்ச்செல்வி மட்டும் ஐந்து பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் அம்மா ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறவர், வீடு பிள்ளையார்பாளையத்தில். பள்ளிக் குழாய், வீட்டு போர், ஓரிக்கையில் அத்தை வீட்டுக் கிணறு, கேன் தண்ணீர், மழைத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்பைப் போட்டுக் குலுக்கி, நுரையை ஸ்கேலால் அளந்து எழுதியிருந்தாள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் அளந்திருந்தாள்.

"மிஸ், கொதிக்க வெச்சா சரியாயிடும்னு கைடுல இருக்குது. நான் மூணு வாட்டி வெச்சேன். நுரையே வரல. கைடு தப்பா, எங்க வூட்டுத் தண்ணி தப்பா?"

பதினேழு வருட வேலையில் எந்தப் பிள்ளையும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சில உப்புகள் கொதித்தால் போகும், சில போகாது. அந்த இரண்டாவது பாதியைத்தான் கைடு விழுங்கியிருந்தது. நான் எதையும் சொல்லவில்லை. "நீயே தேடு" என்றேன். இரண்டு நாளில் நூலகத்திலிருந்து கண்டுபிடித்து வந்தாள். வகுப்பின் முன்னால் நின்று, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விளக்கினாள்.

அந்த வாரமே வேதியியல் தேர்வு. கடினநீரை மென்னீராக்குவது எப்படி என்ற கேள்விக்கு, கொதிக்க வைப்பது எல்லாத் தண்ணீருக்கும் போதாது என்று தன் அளவுகளோடு எழுதினாள். சிவப்பு மையில் சுழித்து, பூஜ்யம் போட்டார் வேதியியல் ஆசிரியை. அவள் போய் ஏன் என்று கேட்டிருக்கிறாள். அம்மாவை வரவழைத்துவிட்டார்கள்.

தாளாளர் அறையில் நானும் இருந்தேன். "அவள் எழுதினதுதான் சரி" என்றேன். "சரிதான் மேடம், யாரு இல்லன்னாங்க? ஆன்சர் கீயில இல்லியே" என்றார் தாளாளர், எனக்கு டீ சொல்லிவிட்டு.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க வந்தீங்க, போயிடுவீங்கமா. இவ இங்கதான பரீட்ச எழுதணும். அடுத்த வருசம் பத்தாவது. நீங்களே சொல்லுங்க, இன்னா எழுதட்டும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரிதாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "பரீட்சையில புக்குல இருக்கறத எழுதும்மா" என்றேன்.

அம்மாவின் பின்னால் நின்றிருந்த தமிழ்ச்செல்வி முன்னால் வந்தாள். "அங்க இருக்கற பசங்களுக்கும் இப்டித்தான் சொல்லுவீங்களா மிஸ்?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். தாளாளர் அவளை அதட்டினார். எனக்குச் சொன்ன டீ வந்தது, எடுத்துக் குடித்தேன். இத்தனை பேரை ஏளனம் செய்து எழுதுகிற நான், அந்த அறையில் எல்லோரையும்விடக் கேவலமாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாள் விடைபெறப் போனபோது, நான் வகுப்பில் பேசியதை ஓர் ஆசிரியை எட்டு பாயிண்டாக எழுதியிருந்தார். ஜெராக்ஸும் எடுத்தாயிற்று. 'சுயமாகச் சிந்திக்க வேண்டும்' என்பது ஐந்தாவது பாயிண்ட். வகுப்பே சேர்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் தமிழ்ச்செல்வி தாளை மடியில் கவிழ்த்து வைத்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

வாசலில் புது வாட்ச்மேன் பார்வையாளர் நோட்டை நீட்டினார். "பத்து நாளா எழுதாமயே வந்துக்கினு போய்க்கினு இருக்கீங்கமா. இன்னிக்காச்சும் எழுதிடுங்க, சார் திட்றாரு."

பெயர் எழுதினேன். ஊர் என்ற கட்டத்தில் காஞ்சிபுரம் என்று எழுதினேன்.

"இந்த ஊரு இல்லமா, நீங்க வந்த ஊரு."

அடித்துவிட்டு ஸ்காட்லாந்து என்று எழுதப் போனேன். கட்டத்தில் இடம் போதவில்லை. பாதிச் சொல் வெளியே நீண்டு, பக்கத்துக் கட்டத்தில் போய் நின்றது. அது, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டம்.

"பரவால்லமா," என்று நோட்டை வாங்கி மூடினார் அவர். "இத யாரும் படிக்க மாட்டாங்க."