இரு பக்கமும் திறக்கும் கீல்

என் கணவர் குளியலறையில் மயங்கி விழுந்தது ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில். அவர் வேன் ஓட்டுகிறவர். பௌர்ணமி வந்தால் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து கிரிவலத்துக்கு ஆட்களை ஏற்றி வருவதும், சுற்றி முடித்தவர்களைக் கொண்டுபோய் விடுவதுமாக வண்டி நிற்காது. அன்று எட்டு மணிக்கு உள்ளே வந்தவர், "டிபன் எடுத்து வை, குளிச்சிட்டு வந்துடறேன்" என்றார். நான் தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன். முதல் தோசையைத் திருப்பும்போது குளியலறையில் வாளி உருண்ட சத்தம் கேட்டது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது.

அந்தக் கதவில் குமிழ்ப் பிடி வைத்த பூட்டு. வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கலாம். சாவி எங்கே இருக்கிறதென்று தெரியும், பூட்டும் திறந்துகொண்டது. கதவுதான் நகரவில்லை. உட்பக்கமாகத் திறக்கும் கதவு அது. அவர் அதன் மேலேயே சாய்ந்து கிடந்தார். ஐந்தடிக்கு நாலடி அறையில் வேறெங்கே விழ முடியும்?

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். நாலு விரல் அளவுக்கு இடைவெளி விட்டது. அதன் வழியாக ஒரு ஈரத்துண்டும் அவர் முழங்காலும் தெரிந்தன. மறுபடி தள்ளினேன். உள்ளே முனகல் கேட்டது. உயிர் இருக்கிறது! அந்த முனகல் கொடுத்த தெம்பில் இன்னும் பலமாகத் தள்ளினேன். அவர் முனக முனக நான் தள்ளினேன்.

அடுத்த வீட்டிலிருந்து யாரோ ஓடிப்போய், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் தச்சரைக் கூட்டி வந்தார்கள். அவர் வந்ததும் முதலில் என்னை விலக்கினார். "தள்ளாதீங்க டீச்சர், ஆளு மேல ஏறுது" என்றார். உளியையும் சுத்தியலையும் வைத்துக் கதவின் மேல்பாதியைப் பிளந்து, உள்ளே இறங்கி, அவரைப் புரட்டி உட்கார வைத்தார். அதற்குள் இருபது நிமிடமாவது ஆகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில், ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் தூங்காமல் ஓட்டியதில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்திருக்கிறது, தலையில் அடி இல்லை என்றார் டாக்டர். ஆனால் வலது பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. என்னை மட்டும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது விழுந்ததால வந்த மாதிரி இல்லைம்மா. கதவுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டி நசுங்கியிருக்கு."

கட்டிலில் கிடந்தவர், "என்னவாம்?" என்று கேட்டார்.

"விழுந்ததுல கால் மடங்கிடுச்சாம்" என்றேன்.

நான் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் பாடம் எடுக்கிறவள். பதினெட்டு வருடமாக, அரம் பிடித்து ராவுவதும் அளப்பதும் சொல்லிக் கொடுக்கிறேன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வேலையைத் திருப்பிக் கொடுப்பேன். அப்படிப்பட்டவள் என் வீட்டுக் குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வீடு கட்டும்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவரோ வலது காலை நம்பிப் பிழைக்கிற மனிதர். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் அந்தக் காலில்தான்.

அவர் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய், கதவு இல்லாத அந்த நிலைச்சட்டத்தை அளப்பேன். அங்கே தற்காலிகமாக ஒரு பழைய பெட்ஷீட் தொங்கியது. அளந்ததையே திரும்ப அளப்பேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், "அம்மா, நேத்தும் அதே நீளந்தான் இருந்துச்சு" என்றாள்.

தச்சர் எளிய வழி சொன்னார். "வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிடலாம் டீச்சர். முடிஞ்சுது." அப்படியே புதுக்கதவு மாட்டினார். அதன் பிறகு நான் நிம்மதியாக இருந்தது நான்கு நாள்தான். குளியலறைக்கு வெளியே நடை இரண்டரை அடி அகலந்தான். எதிரில் சமையலறை. ஐந்தாம் நாள் மகள் ரசப் பாத்திரத்தை இடுக்கியில் தூக்கிக்கொண்டு வெளியே வர, அவர் ஊன்றுகோலோடு கதவைப் படாரென்று திறக்க, பாத்திரம் கீழே போனது. நல்லவேளையாக யார் மேலும் கொட்டவில்லை. சுவரெல்லாம் ரசம். துடைத்துக்கொண்டே நினைத்தேன்: தினமும் உள்பக்கம் திறக்க வேண்டும், ஆபத்து என்றால் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஒரே கதவு இரண்டையும் செய்ய வேண்டும்.

அன்று முதல் நோட்டில் கீல்களாக வரைய ஆரம்பித்தேன். முதலில் வரைந்தது உருவு ஆணி கொண்ட கீல். வெளியில் நடையில் நின்றபடி ஆணியை மேலே இழுத்தால் கீலின் இரண்டு பாதியும் பிரிந்துவிடும். அப்புறம் கதவை அப்படியே வெளியே தூக்கி வைத்துவிடலாம். வகுப்பு முடிந்த பிறகு லேத்தில் கடைந்து, ராவி, எண்ணெய் போட்டு மேசைமேல் வைத்து இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி பிரிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. தச்சர் கதவை மறுபடி உள்பக்கமாக மாற்றி அந்தக் கீல்களைப் பொருத்தினார். ஆணிகளை உருவினேன். கதவை இழுத்தேன். வரவில்லை.

தச்சர் குனிந்து பார்த்தார். பிறகு நிலையில் கதவு வந்து உட்காருவதற்காகச் செதுக்கியிருந்த விளிம்பை விரலால் தடவிக் காட்டினார். "கீலு விட்டுடுச்சு டீச்சர். இது விடலையே."

மூன்று வாரம் நான் கீலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெளிப்பக்கம் போகாமல் கதவைத் தடுப்பது அந்த விளிம்பு. இந்தத் தப்பை என் மாணவர்கள் யாராவது செய்திருந்தால் வகுப்பில் என்ன பேச்சுப் பேசியிருப்பேன் என்று நினைத்து எனக்கு முகம் எரிந்தது.

அந்தச் சமயத்தில் கீழ்பென்னாத்தூரில் அவர் தங்கை வீட்டில் மஞ்சள் நீராட்டு. கூட்டத்தில் உட்கார முடியாமல் பின்கட்டுக்குப் போனேன். புதிதாகக் கட்டிய குளியலறை. கதவைத் திறந்தேன், மூடினேன், குனிந்து கீலைப் பார்த்தேன், மறுபடி திறந்தேன். பின்னால் ஒரு அம்மா சொம்போடு நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்க."

"நீ போவணுமா?"

"இல்லீங்க, சும்மா கதவைப் பாத்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் கேட்டார். "உனக்கு என்னதான் ஆச்சு? நான்தான் எழுந்து நடக்கிறேனே. இன்னும் எதுக்கு இப்படி அல்லாடற?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் பாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

அடுத்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக்கடைச் சமையலறையில் இரண்டு பக்கமும் ஆடுகிற ஸ்பிரிங் கதவைப் பார்த்தேன். அதே வகைக் கீலை வாங்கி வந்து, விளிம்பைச் செதுக்கி எடுத்துவிட்டு மாட்டினோம். முதல் நாளே அவர் தலையில் சோப்போடு சத்தம் போட்டார். "கதவு தானா ஆடுது! காத்து வந்தா திறந்துக்குது! ஒரு கையால கதவைப் புடிச்சுக்கிட்டே குளிக்க முடியுமா?" மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

விடை கோயிலில் கிடைத்தது. சாமி கும்பிடப் போன எனக்கு வரிசையில் நிற்கும்போது கண் கோபுரவாசல் கதவின் அடிப்பக்கம் போனது. அவ்வளவு பெரிய கதவுக்குக் கீலே கிடையாது. மேலும் கீழும் குடுமி என்கிற முளை; அது குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. அதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். சுழல்கிற குடுமிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதமே இல்லை. எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைத் தடுப்புதான் முடிவு செய்கிறது. அப்படியானால் தடுப்பைத்தான் நகர்கிற மாதிரி செய்ய வேண்டும். குனிந்து குழியை எட்டிப் பார்த்தேன்.

"அம்மா, லைன் போவுது பாருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார். தரிசனம் முடித்து வெளியே வந்தபோது என்ன வேண்டிக்கொண்டேன் என்றே எனக்கு நினைவில்லை.

இரண்டு வாரம் ஆயிற்று. கதவின் மேலும் கீழும் எஃகுக் குடுமி, அதைத் தாங்கப் பித்தளைக் குழி. துருப்பிடிக்காது. முதலில் கதவின் ஓரம் நிலையில் உரசியது. தச்சர் அந்த ஓரத்தை இழைத்து உருட்டிக் கொடுத்தார். பிடி இருக்கும் பக்கத்து நிலையில் ஸ்பிரிங் வைத்து ஒரு எஃகு நாக்கு. சாதாரண நாளில் அது நீட்டிக்கொண்டு கதவை வெளியே வர விடாது. ஆபத்து என்றால் பூட்டைத் திறந்து, நிலையில் இருக்கும் துளையில் அதே சாவியை விட்டு அமுக்கினால் நாக்கு உள்ளே போகும். கதவை வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

உள்ளே இரண்டு மணல் மூட்டையைக் கதவில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். திறந்தது. தச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குள் என் கணவருக்குக் கட்டுப் பிரித்திருந்தார்கள். குச்சி ஊன்றி நடந்தார். அன்றைக்கு மகள் டியூஷன் போயிருந்தாள்.

"மூட்டை நெளியாது, ஆளு நெளிவான்" என்றார். "நான் படுக்கறேன். நீ திற."

"வேணாங்க."

"இதுக்குத்தானே இத்தன நாளா தூங்காம கெடந்த?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் முதுகு கதவில் உரசி இறங்குவது கேட்டது. "ம், படுத்துட்டேன்" என்றார். நான் பூட்டில் சாவியை வைத்தேன். திருப்ப முடியவில்லை. அவர் பாதம் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பது மட்டுந்தான் மனதில் ஓடியது.

"என்ன, சாவி மாட்டிக்கிச்சா?"

"ஏங்க, உங்க கால் விழுந்ததுல உடையல" என்றேன். "நான் தள்ளினதுல உடைஞ்சுது. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."



"எத்தன தடவ தள்ளின?"

"தெரியலீங்க. ஏழெட்டு தடவ இருக்கும்."

"நான் கத்தலையா?"

"முனகினீங்க."

"அப்பவாச்சும் நிறுத்தியிருக்கலாம்ல?"

"உயிர் இருக்குன்னு சந்தோஷத்துல இன்னும் ஜாஸ்தியா தள்ளிட்டேன்."

நான் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "திற. தரை சில்லுனு இருக்கு" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. பூட்டைத் திறந்தேன், துளையில் சாவியை விட்டு அமுக்கி இழுத்தேன். கதவு வெளிப்பக்கம் வந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த அவர் தோளும் கூடவே சரிந்து என் கால்மேல் விழுந்தது. கை நீட்டினேன். பிடிக்காமல் தானே எழுந்தார். குச்சியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், நிறுத்தியிருந்த வேனில் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை இறங்கவில்லை.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. அவர் நொண்டி வைக்கும் ஒவ்வொரு அடியும் இப்போது என்னைப் பார்த்துப் பேசுவதுபோல இருந்தது.

மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாவியை நிலைத்துளையில் விட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த ஸ்பிரிங் ரொம்ப டைட்டா இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமலே. "என் கைக்கே மல்லுக்கு நிக்குது. நாளைக்கு உள்ள நீ விழுந்து, வெளிய பாப்பா மட்டும் இருந்தா எப்படி அமுக்குவா?"

நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன்.

"கம்மி பண்ணணும்" என்றேன்.

"பண்ணு. ஸ்பேனர் எடுத்தாரட்டுமா?"

இரண்டு பேரும் உட்கார்ந்து நாக்கைக் கழற்றினோம். ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டி எடுத்தேன். மகளைக் கூப்பிட்டு ஒரு விரலால் அமுக்கச் சொன்னார். அமுங்கியது. அன்று அவர் என்னிடம் வேறு எதையும் பேசவில்லை. ஆனால் படுக்கப் போகும்போது பாதத்தை நீட்டி, "இந்த எடத்துல கொஞ்சம் தைலம் போடு" என்றார்.

தச்சர் என் வரைபடத்தை வாங்கிக்கொண்டு போய், அடி அண்ணாமலையில் வயதான தம்பதி இருக்கும் ஒரு வீட்டிலும், வெளியூர்க்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் நான்கு அறைகளிலும் மாட்டிக் கொடுத்தார். விடுதிக் கதவுகளைப் பார்க்க நானும் போனேன். ஒன்றில் குடுமி ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. கழற்றி மறுபடி மாட்டச் சொன்னேன். தச்சர், "கண்ணுக்கே தெரியல டீச்சர்" என்று அலுத்துக்கொண்டே கழற்றினார்.

கணவர் பழையபடி வண்டி ஓட்டுகிறார். எங்கள் கதவை வெளிப்பக்கம் திறக்க வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை. மாதம் ஒருமுறை குடுமிக்கு எண்ணெய் விட்டு, நாக்கை அமுக்கிப் பார்க்கிறேன். அவர் குளிக்கப் போனால், என்ன வேலை இருந்தாலும் என் கால் தானாக நடைக்கு வந்துவிடுகிறது. என் நிழல் கதவின் அடியிடுக்கில் தெரியும் போலிருக்கிறது. உள்ளேயிருந்து குரல் வரும்.

"இருக்கேன், இருக்கேன். நீ போய் வேலையைப் பாரு."

போவதில்லை. தண்ணீர் நிற்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.